வேகம் எடுத்தால் உதறும் ஸ்போர்ட்ஸ் கார்: காரணத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி?

80 கி.மீ. வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகும் கார், 100-ஐத் தாண்டியதும் கையில் உதறத் தொடங்குகிறது. 120-ல் உள்கண்ணாடியில் தெரியும் வண்டிகள் எல்லாம் மங்கிப் போகின்றன. இன்னும் கொஞ்சம் மிதித்து 135-ஐத் தொட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிடுகிறது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள், அதிலும் இன்னொருவர் ஓட்டிய காரை வாங்கியவர்கள், சீக்கிரமே சந்திக்கிற தொல்லை இது.

பெரும்பாலும் என்ன செய்கிறோம்? நேராக வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சமப்படுத்துவது. சரியாகவில்லையா, அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சீராக்குவது. அதற்கும் அடங்கவில்லை என்றால் நாலு டயரும் புதுசு. அப்புறம் புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர்), பேரிங் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவது. நானும் அந்த வழியில் கொஞ்ச தூரம் போனவன்தான். அந்தக் கதை கீழே வரும். இங்கே சொல்லப்போகும் வரிசை வேறு. அதிர்வு எதோடு சேர்ந்து சுற்றுகிறது என்று முதலில் ஓட்டியே கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பானரை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

ஸ்போர்ட்ஸ் காரில் மட்டும் ஏன் இப்படி?

சாதாரணக் காரிலும் சக்கரம் கொஞ்சம் எடை மாறித்தான் சுற்றுகிறது. ஆனால் அங்கே டயரின் பக்கச்சுவர் உயரம். ரப்பர் புஷ்கள் மெத்தென்று இருக்கும். சின்ன உதறலை எல்லாம் அவையே விழுங்கிவிடும். ஸ்போர்ட்ஸ் காரில் பக்கச்சுவர் குட்டை, புஷ் கெட்டி, ஸ்டீயரிங் இறுக்கம். சாலையில் இருப்பதை ஓட்டுபவர் கையில் கொண்டுவந்து சேர்ப்பதற்காகவே செய்த வண்டி, கோளாறையும் அதே விசுவாசத்தோடு கொண்டுவந்து சேர்க்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 245/40, 18 அங்குல டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.05 மீட்டர். 120 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 16 முறை சுற்றுகிறது. ரிம்மின் விளிம்பில் வெறும் 10 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது சக்கரத்தை வெளியே இழுக்கும் விசை கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ. 30 கிராம் என்றால் ஏழு கிலோவுக்கு மேல், அதுவும் நொடிக்கு 16 தடவை. வேகம் இரட்டிப்பானால் இந்த விசை நான்கு மடங்காகும். 60-ல் ஒன்றும் தெரியாததும் 120-ல் பல் ஆடுவதும் இதனால்தான்.

அப்படியானால் 135-ல் ஏன் அடங்குகிறது? விசை குறைந்துவிடவில்லை. சக்கரமும் சஸ்பென்ஷனும் சேர்ந்த அமைப்புக்கு என்று ஒரு இயல்பான ஆட்ட வேகம் உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 தடவைக்கு அருகில் இருக்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னத் தள்ளலே போதும் அல்லவா? சக்கரத்தின் சுற்றும் அந்த ஆட்டமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வேகத்தில் உதறல் உச்சத்துக்குப் போகிறது, தாண்டியதும் தணிகிறது. ஆகவே ‘குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருகிறது’ என்றால் முதல் சந்தேகம் சக்கரத்தின் மேல்.

ஓட்டுவதற்கு முன் பத்து நிமிடம்

நேற்று இல்லாத உதறல் இன்று திடீரென்று வந்திருந்தால் சோதனை ஓட்டம் எல்லாம் வேண்டாம். ஓரமாக நிறுத்தி முதலில் வீல் நட்களைப் பாருங்கள். தளர்ந்த நட்டோடு ஆராய்ச்சி செய்யக் கூடாது.

நட் எல்லாம் சரி என்றால், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு டயரையும் உள்பக்கச் சுவர் உட்பட உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். குமிழ் மாதிரி வீக்கமோ, சாலையில் படும் ஓடுதளத்தில் ஒரே இடத்தில் மேடோ இருந்தால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன, அல்லது அடுக்கு பிரிந்திருக்கிறது. அந்த டயரோடு வேகமாகப் போகவே கூடாது. சுவரில் நான்கு இலக்கத் தேதிக் குறியும் இருக்கும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். ஸ்போர்ட்ஸ் கார்கள் நிறைய நாள் நின்றுகொண்டே இருப்பவை. பூவெட்டு புதுசு போலவே இருக்கும், ரப்பர் மட்டும் கிழமாகியிருக்கும்.

ரிம்மின் உள்வட்டத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த சேறு, தார்க் கட்டி, பேலன்சிங்குக்காக ஒட்டிய எடை பெயர்ந்து விழுந்த பசைத் தடம் ஏதாவது இருக்கலாம். பந்தயத் தளத்துக்குப் போய் வந்த காராக இருந்தால் ஓடுதளத்தில் மற்ற வண்டிகளின் உருகிய ரப்பர் கட்டி கட்டியாக ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்ததுமே உதறல் போய்விட்ட கார்கள் உண்டு.

காரைக் கேட்கும் கேள்விகள்

குறைந்தது 20 நிமிடம் ஓட்டி டயரைச் சூடேற்றுங்கள். வாரக்கணக்கில் நின்ற காரின் டயர், தரையில் பட்ட இடத்தில் தட்டையாகிவிடும். சூடு ஏற ஏற அது உருண்டு சரியாகும். முதல் சில கிலோமீட்டர் உதறிவிட்டுத் தானாக நின்றால் சமாச்சாரம் அவ்வளவுதான்.

இனி நேரான, நல்ல தளமுள்ள, கூட்டமில்லாத சாலை வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறிப்பு எடுக்கட்டும். அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குள் உதறல் வராவிட்டால் பொதுச்சாலையில் அதைத் தேட வேண்டாம். பந்தயத் தளம் இருக்கிறது.

உதறல் உச்சத்தில் இருக்கும் வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கியர் மாற்றுங்கள். உதாரணமாக 110-ல் ஆறாம் கியரிலிருந்து நான்குக்கு வாருங்கள். என்ஜின் சுழற்சி மாறுகிறது, சக்கரத்தின் சுழற்சி மாறவில்லை. உதறல் அப்படியே இருந்தால் என்ஜின் குற்றவாளி இல்லை. மாறினாலோ, போய்விட்டாலோ என்ஜின், அதன் மவுண்ட், கிளட்ச், ஃப்ளைவீல் பக்கம் பாருங்கள். காரை நிறுத்தி வைத்து அதே சுழற்சிக்கு என்ஜினை முறுக்கினாலும் அதே நடுக்கம் வருகிறதா என்று ஒத்துப்பார்க்கலாம்.

அடுத்து, அதே வேகத்தில் கிளட்சை மட்டும் மிதித்துக் காரைத் தானாக உருள விடுங்கள். என்ஜினை அணைக்காதீர்கள், ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் அதன் உதவி வேண்டும். இழுவை போனதும் உதறலும் போனால், சக்தி கடத்தும் பாகங்களில் சந்தேகம் விழுகிறது. மிதித்தால் வந்து, விட்டால் போகிற பக்கவாட்டு ஆட்டம் என்றால் பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்ஜாயின்ட் தேய்ந்திருக்கும். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, பிரேக். மெல்ல மிதிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங்கோ பெடலோ துடித்தால் இந்தக் கட்டுரையில் பிரேக் பகுதிக்குத் தாவிவிடுங்கள்.

நான்காவது, எங்கே உணர்கிறீர்கள் என்பது. ஸ்டீயரிங் இடவலமாக உதறினால் முன்சக்கரம். கை அமைதியாக இருந்து சீட்டும் தரையும் குலுங்கினால் பின்சக்கரம், அல்லது நடுவில் ஓடும் ஷாஃப்ட். இது வேதவாக்கு இல்லை. கெட்டியான உடல் கொண்ட கார்களில் பின்னால் நடப்பது முன்னாலும் வந்து தொலைக்கும். முதல் யூகத்துக்குப் போதுமானது.

கைபேசி ஒரு நல்ல கருவி

உணர்வை மட்டும் நம்பாமல் எண்ணிப் பார்க்கவும் வழி இருக்கிறது. கைபேசியில் முடுக்கம் அளக்கும் உணரி உண்டு. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் போன்ற செயலிகள், அந்த உணரி சொல்வதை நொடிக்கு எத்தனை அதிர்வு என்று பிரித்துக் காட்டும். கைபேசியை சீட் தண்டவாளத்தில் இறுக்கமாக ஒட்டுங்கள். மெத்தையில் வைத்தால் மெத்தையைத்தான் அளப்பீர்கள். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கத்தில் இருப்பவரிடம் திரையை ஒப்படையுங்கள்.

மேலே சொன்ன டயரில், 120-ல் 16 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 16 அதிர்வு) பக்கம் முகடு தெரிந்தால் அது சக்கரத்தின் வேகம்: எடை மாற்றம், வளைந்த ரிம், கோணல் டயர். 32-க்கு அருகில் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அடிக்கிறது, அதாவது டயர் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கலாம். பின்சக்கர இழுவைக் காரில் என்ஜினுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் (இரு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) நடுவே ஓடும் ஷாஃப்ட், அந்தப் பெட்டியின் கியர் விகிதம் 3.7 என்றால், சக்கரத்தை விட 3.7 மடங்கு வேகமாகச் சுற்றும். அதே 120-ல் அது 60 ஹெர்ட்ஸ். என்ஜின் 3000 சுழற்சியில் 50. உங்கள் டயர் அளவையும் விகிதத்தையும் போட்டு வீட்டிலேயே கணக்கிட்டு எடுத்துப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. கைபேசி உணரி நொடிக்கு 100 முறைதான் அளக்கிறது என்றால், 50-க்கு மேற்பட்ட அதிர்வை அது சரியாகக் காட்டாது. 60 ஹெர்ட்ஸை 40 என்று காட்டி ஏமாற்றும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்; முகடு மேலே போகாமல் கீழே இறங்கினால் அது போலி.

கையைக் கறையாக்கும் நேரம்

சக்கரம் என்று முடிவானால் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் இறக்கி நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கடியில் போகாதீர்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்றால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடவலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட், அதாவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி. அடுத்து, ஒரு ஸ்க்ரூடிரைவரை ஸ்டாண்டில் சாய்த்து முனையை ரிம்முக்கு மிக அருகில் நிறுத்தி, சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது. உள்விளிம்பையும் இப்படியே பாருங்கள். குழியில் அடிபட்ட ரிம் பெரும்பாலும் உள்பக்கம்தான் வளையும், வெளியே அழகாகவே இருக்கும். டயல் கேஜ் இருந்தால் அளந்தே விடலாம்: அலாய் ரிம்மில் ஒரு மில்லிமீட்டரை நெருங்கினாலே சந்தேகப்படலாம். சரியான எல்லை உங்கள் காரின் பணிமனைக் கையேட்டில் இருக்கும்.

சக்கரத்தைக் கழற்றினால், அது உட்காரும் நடுப்பாகமான ஹப்பின் முகத்தைப் பாருங்கள். ஒரு சிறு துருச் செதில் நடுவில் மாட்டிக்கொண்டாலும் சக்கரம் சாய்ந்து உட்காரும். கம்பி பிரஷ்ஷால் துருவையும், டிஸ்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே படிந்த பழைய கிரீஸையும் நீக்குங்கள்.

இங்கேதான் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கே உரிய ஒரு வினை இருக்கிறது. முந்தைய சொந்தக்காரர் வேறு ரிம் மாட்டியிருப்பார். கம்பெனி ரிம்மின் நடுத்துளை ஹப்பில் கச்சிதமாகப் பொருந்தும். வெளியே வாங்கும் ரிம் பல கார்களுக்குப் பொதுவாகச் செய்தது, துளை பெரிசாக இருக்கும். அந்த இடைவெளியை அடைக்க ஒரு வளையம் வேண்டும். அது விழுந்திருக்கலாம், பிரேக் சூட்டில் பிளாஸ்டிக் வளையம் உருகியிருக்கலாம், டயர் மாற்றியவர் எடுத்து ஓரமாக வைத்து மறந்தே போயிருக்கலாம். நட்டின் அடிப்பாகத்தையும் பாருங்கள். கூம்பு வடிவ நட் ஒன்று, உருண்டை வடிவம் இன்னொன்று. ரிம்மின் குழி எதுவோ நட்டும் அதுவாக இருக்க வேண்டும். உருண்டைக் குழியில் கூம்பு நட்டை முறுக்கினால் ஒரு விளிம்பு மட்டுமே தொடும். உதறுவதோடு நிற்காது, ஆபத்தும் கூட.

திரும்ப மாட்டும்போது சக்கரம் காற்றில் இருக்கும்போதே நட்களை நட்சத்திர வரிசையில் கையால் முறுக்கிச் சமமாக உட்கார வையுங்கள். பிறகு இறக்கி, டார்க் ரென்ச்சால் இரண்டு மூன்று கட்டமாக இறுக்குங்கள். பல கார்களுக்கு 100 முதல் 160 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்களுடையது கையேட்டில். நடுவில் ஒரே நட் கொண்ட போர்ஷே 911 ஜிடி3 போன்றவற்றுக்கு 600. அதை வீட்டு வாசலில் செய்ய நினைக்காதீர்கள்.

இயந்திரம் பூஜ்யம் என்கிறது, கார் இல்லை என்கிறது

என் கதை இதுதான். மூன்று முறை பேலன்ஸ் செய்தேன். மூன்று முறையும் இயந்திரத்தில் அழகான இரண்டு பூஜ்யம், மூன்று முறையும் 110-ல் அதே உதறல். நாலாவது தடவை வேறொரு இடத்தில், கிளம்பும் முன் ஒன்று கேட்டேன்: “அண்ணே, சக்கரத்தைத் தளர்த்தி, அரைச் சுற்று திருப்பி, மறுபடி பூட்டி ஒரு தடவை ஓட விடுங்களேன்.” அவர் ஒரு மாதிரி பார்த்தார், செய்தார். பூஜ்யம் காட்டிய சக்கரம் 25 கிராம் காட்டியது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

எடையில் கோளாறு இல்லை, சக்கரத்தை இயந்திரத்தில் மையப்படுத்தியதில்தான் கோளாறு. சக்கரத்தை இயந்திரத்தின் தண்டில் மையத்தில் பிடிக்கும் கூம்பை ரிம்மின் முன்பக்கத்திலிருந்து மாட்டியிருந்தார்கள். என் ரிம்மில் அந்தப் பக்கத்து விளிம்பு அழகுக்காகச் செதுக்கியது, துல்லியமானது அல்ல. காரின் ஹப்பில் உட்காருவது பின்பக்கத் துளை. இயந்திரத்திலும் அதைத்தான் பிடிக்க வேண்டும். பின்னாலிருந்து கூம்பு, முன்னால் நட் துளைகளை அழுத்தும் விரல் தட்டு என்று மாட்டிச் செய்ததும் உதறல் போய்விட்டது. அதிலிருந்து எங்கே போனாலும் இந்த அரைச் சுற்றுச் சோதனையைக் கேட்கிறேன். இரண்டாம் முறையும் ஐந்து கிராமுக்குள் நின்றால் நம்பலாம்.

பேலன்ஸ் செய்த உடனே வால்வுக்கு நேராக டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வையுங்கள். டயர் மாட்டும்போது தடவிய சோப்பு நீர் காய்வதற்குள் முறுக்கு மிகுந்த காரை விருட்டென்று கிளப்பினாலோ, ஓங்கி பிரேக் அடித்தாலோ ரிம்மின் மேல் டயர் வழுக்கி நகர்ந்துவிடும். கோடு ஒரு இடத்திலும் வால்வு வேறிடத்திலும் இருந்தால், செய்த பேலன்சிங் வீண். புது டயருக்கு முதல் நாள் மென்மையாக ஓட்டுங்கள் என்று சொல்வதில் இதுவும் ஒரு காரணம்.

எடை சரியாக இருந்தும் உதறினால் டயரின் விறைப்பு ஒரே சீராக இல்லாமல் இருக்கலாம். வெறுமனே சுற்றும் இயந்திரத்துக்கு இது தெரியாது. உருளையால் டயரை அழுத்திக்கொண்டே சுற்றும் ரோடு ஃபோர்ஸ் இயந்திரம்தான் காட்டும். டயரின் மேட்டை ரிம்மின் பள்ளத்துக்கு நேராகத் திருப்பி மாட்டினால் பல சமயம் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

சக்கரங்களை முன்பின் மாற்றிப் பார்க்கச் சொல்வது வழக்கமான யோசனை. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் முன்னும் பின்னும் வேறு வேறு அளவு, செல்லாது. பதிலாக, அதே சக்கரத்தை அதே ஹப்பில் இரண்டு நட் தள்ளித் திருப்பி மாட்டிப் பாருங்கள். உதறல் கூடினாலோ குறைந்தாலோ, ஹப்பிலும் கோணல் இருக்கிறது. சக்கரத்தின் கோணலோடு அது கூடுகிறது அல்லது கழிகிறது.

அலைன்மென்ட் பற்றி ஒரு வார்த்தை. அது தவறியிருந்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயரைத் தின்னும், நேரடியாக உதறாது. தின்ற டயர்தான் உதறும். அந்த டயரை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால் உதறல் அப்படியே இருக்கும்.

பிரேக் மிதித்தால் மட்டும் என்றால்

‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை. சூடான டிஸ்க்கில் பேட் பொருள் திட்டுத் திட்டாக ஒட்டி, தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. 0.02 மி.மீ. வித்தியாசமே காலில் தெரியும். வேகமாக ஓட்டிவிட்டு வந்து பிரேக்கை மிதித்தபடியே நின்றால் பேட் ஒரே இடத்தில் அச்சுப் பதிக்கும். பந்தயத் தளத்திலிருந்து வந்தால் ஒரு சுற்று மெல்ல ஓட்டி ஆற்றுங்கள், நிறுத்திய பின் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். லேசான திட்டு என்றால், பேட் தயாரிப்பாளர் சொல்லும் முறைப்படி மறுபடி பதப்படுத்தினாலே போய்விடும்.

நடுவில் ஓடும் ஷாஃப்ட்

காதில் ரீங்காரமாகவும் சீட்டுக்கடியில் குறுகுறுப்பாகவும் வரும் வேகமான அதிர்வு இந்த வகை. ரப்பர் இணைப்புத் தட்டில் வெடிப்பு, நடுத் தாங்கி பேரிங்கின் ரப்பர் தொய்வு, குறுக்கு ஜாயின்ட்டில் இறுக்கம் ஆகிய மூன்றையும் பாருங்கள். குறுக்கு ஜாயின்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அடிக்கும். கியர்பெட்டியைப் பின்னால் வைத்த கார்களில், உதாரணத்துக்கு போர்ஷே 944, 928, அல்லது 1997 முதல் ஏழாம் தலைமுறை வரையான கார்வெட், ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் என்ஜின் வேகத்திலேயே சுற்றுகிறது. அங்கே கோளாறு வந்தால் கியர் மாற்றும் சோதனையில் என்ஜின் மாதிரியே நடிக்கும், ஏமாந்துவிடாதீர்கள். காரைத் தாழ்த்தியிருந்தால் ஷாஃப்ட்களின் கோணமும் மாறியிருக்கும். காரைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்க விட்டு ஓட்டிப் பார்த்தால் கோணம் கண்டபடி மாறி இல்லாத அதிர்வும் வரும். அதை நம்ப வேண்டாம்.

மிச்சம் உள்ளவை

பேரிங் போனால் பெரும்பாலும் உதறலுக்கு முன் உறுமல் வரும். வளைவில் ஒரு பக்கம் சாயும்போது கூடும், மறுபக்கம் குறையும். தேய்ந்த புஷ் உதறலை உண்டாக்காது, இருப்பதைப் பெரிதாக்கும். அதனால் புஷ் மாற்றியதும் அடங்கிய உதறல் சில மாதத்தில் திரும்பி வருவது உண்டு. காற்றையும் மறக்காதீர்கள்: அடித்தகடு ஒரு போல்ட் இழந்து படபடத்தால் எதிர்க்காற்றில் கூடும், பின்காற்றில் குறையும். சக்கரத்துக்குக் காற்றின் திசை தெரியாது.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். ‘வண்டி ஆடுது’ என்று மட்டும் சொல்லாமல் இப்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்:

“102-ல் ஆரம்பம், 114-ல் உச்சம், 130-ல் போகிறது. டயர் சூடான பிறகும் இருக்கிறது. ஆறாம் கியர், நான்காம் கியர் இரண்டிலும் ஒரே மாதிரி. கிளட்ச் மிதித்தாலும் மாறவில்லை. பிரேக்குக்குச் சம்பந்தம் இல்லை. ஸ்டீயரிங்கில் இல்லை, சீட்டில் இருக்கிறது. 114-ல் கைபேசி 15 ஹெர்ட்ஸ் காட்டியது. பின் இடது சக்கரத்தை இரண்டு நட் தள்ளி மாட்டினால் பாதியாகிறது.”